ஒரு ஏக்கர் விதியும் ஆதர்டன் வீடுகளும்

கேள்வி: அமெரிக்காவில் வீட்டு விலை மிக அதிகமான இடங்களில் ஒன்று ஆதர்டன் என்ற சிற்றூர் என்று படித்தேன். ஏழாயிரம் பேர் மட்டுமே வாழும் ஊரில் விலை இவ்வளவு உயரக் காரணம் என்ன?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகே உள்ள ஊர் ஆதர்டன். அண்மை ஆண்டுகளில் அங்கு விற்ற வீடுகளின் இடைநிலை விலை (பாதி வீடுகள் இதைவிடக் கூடுதலாகவும் பாதி குறைவாகவும் விற்கும் நடு விலை) 70 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 60 கோடி ரூபாய். சுற்றிலும் உள்ள தொழில்நுட்ப நிறுவனங்களின் செல்வம் இதற்கு ஒரு காரணம் என்றாலும், அதைவிட வலுவான காரணம் ஊரின் நில விதிதான் என்பது என் கருத்து. 1923-இல் தனி நகராட்சியான நாள் முதல் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளின் ஊராகவே இருக்க விரும்பிய ஆதர்டனில், பெரும்பகுதி மனைகள் ஒரு ஏக்கருக்குக் குறையக் கூடாது. ஒரு ஏக்கர் என்பது நூறு சென்ட், அதாவது சென்னைக் கணக்கில் பதினெட்டு கிரவுண்டு. அத்தனை நிலத்தில் ஒரே குடும்பம் வாழ்கிறது. கடைத்தெருவுக்கும் அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை.

மக்கள்தொகையைப் பாருங்கள். 2010-இல் 6,914 பேர். 2020-இல் 7,188 பேர். அந்த வட்டாரமெங்கும் வேலைவாய்ப்புகள் பெருகிய பத்தாண்டுகளில் இந்த ஊர் கூடுதலாக ஏற்றுக்கொண்டது 274 பேரை மட்டுமே. குடும்ப வருமானத்தின் இடைநிலையை அரசின் கணக்கெடுப்பு அட்டவணை ‘2,50,000 டாலருக்கு மேல்’ என்று மட்டும் குறிக்கிறது. அந்த அட்டவணையில் அதற்கு மேல் படி இல்லை.

விற்பனைக்கு வரும் வீடுகளும் குறைவு. 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘முன்மொழிவு 13’ என்ற சட்டப்படி, சொத்து வரி வாங்கிய விலையை அடிப்படையாகக் கொண்டது. அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவருக்கு வரி இன்றைய விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்பதால், பிள்ளைகள் வெளியேறிய பின்னும் முதியவர்கள் பலர் பெரிய வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். அந்த வரிப் பாதுகாப்பு முதுமைக்குத் தேவையானதுதான். ஆனால் அதன் சுமை புதிதாக வருவோர் மேல் விழுகிறது.

கேள்வி: அப்படியானால் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் வீட்டு வேலை செய்வோரும் எங்கே வாழ்கிறார்கள்?
– அதே வாசகர்

பதில்: பெரும்பாலும் வெளியூர்களில். தொலைவிலிருந்து காரில் வருகிறார்கள். ஆதர்டன் ரயில் நிலையத்தில் வார நாள்களில் ரயில் நிற்பது 2005-இல் முடிந்து, 2020 டிசம்பரில் நிலையமே மூடப்பட்டது. 2023 முதல் 2031 வரை 348 புதிய வீடுகளுக்கு இடம் காட்ட வேண்டும் என்று அந்த ஊருக்கு இலக்கு விதிக்கப்பட்டது. அடுக்கு வீடுகளுக்கு அனுமதி தரும் முதல் திட்டத்தைக் குடியிருப்பாளர்களின் எதிர்ப்புக்குப் பின் நகராட்சி 2022-இல் கைவிட்டு, பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் கட்டும் சிறு வீடுகளையே பெரிதும் நம்பியது. அந்தச் சிறு வீடு ஓர் ஆசிரியைக்கு வாடகைக்குக் கிடைக்குமா, அல்லது உறவினர் தங்கும் விருந்தினர் வீடாகவே இருந்துவிடுமா என்பதை உரிமையாளரே தீர்மானிக்கிறார். இலக்கின் கணக்கிலோ இரண்டும் ஒரு வீடாகவே சேரும்.