கோராவ ரெண்டு தரம் பாதியில விட்டவன் சொல்றன்

கேள்வி: அவதார் கார்ட்டூன்ட முதல் சீரிஸ், அதான் ஆங் கதை, எனக்கு உசிர். அதுக்குப் பிறகு வந்த கோரா கதைய எல்லாரும் திட்டுறாங்களே, உண்மையிலயே அவ்வளவு மோசமா? பாக்கலாமா, விடலாமா?

பாருங்க. ஆனா நான் சொல்றதையும் கேட்டுட்டுப் பாருங்க, ஏனெண்டா நான் அத ரெண்டு தரம் பாதியில விட்டவன், ரெண்டாம் தரம் விடக்குள்ள தங்கச்சியோட ஒரு கிழமை கதைக்காம இருந்தவன்.

நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். 2011 டிசம்பர்ல ஓ எல் சோதனை எழுதிட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் வீட்டுல சும்மா கிடந்த நேரம் கூட்டாளி ஒருத்தன் பென்ட்ரைவ்ல 61 எபிசோடும் போட்டுத் தந்தான், முழுக்க இங்லிஷ், எனக்கு அப்ப இருந்த இங்லிஷுக்கு முதல்ல சண்டை மட்டும்தான் விளங்கின. மூணாவது எபிசோட்ல ஆங் தான் வளந்த கோயிலுக்குத் திரும்பிப் போவான், நூறு வருசம் ஐசுக்குள்ள கிடந்தவனுக்கு ஊர் அழிஞ்ச கதை மனசுக்கு எட்டல்ல, வளத்த குருவிட எலும்புக்கூட்டக் கண்ட பிறகுதான் எட்டும். அம்மா பக்கத்துல அரிசி புடைச்சிக்கிட்டு இருந்தவ, "எங்க மனே இந்தப் பொடியன்ட ஆக்கள் எல்லாம்?" எண்டு கேட்டா. எல்லாரையும் கொன்னுட்டாங்கம்மா, இவன் மட்டும்தான் மிச்சம் எண்டன். சுளகக் கீழ வச்சிட்டு எபிசோட் முடியும்வரைக்கும் எழும்பல்ல. அதுக்குப் பிறகு பின்னேரமானா அவவே கேப்பா, மொட்டைப் பொடியன்ட படம் போடல்லயா எண்டு.

அம்மாவுக்கு ஆக விருப்பம் ஐரோ, அவட பாஷையில "தேத்தண்ணிக் கிழவன்". செத்துப்போன மகன்ட படத்துக்கு முன்னால மரத்தடியில இருந்து கிழவன் பாடுற இடம் இரிக்குதானே, அந்த எபிசோட் முடியக்குள்ள மாக்கோ எண்டு ஒரு பேர் வரும். அதுதான் ஐரோவுக்குக் குரல் குடுத்த நடிகர், 2006ல காலமாகிட்டார். பிந்திக் கோராவுல வாற போலீஸ்காரப் பொடியனுக்கு மாக்கோ எண்டு பேர் வச்சதும் அவர நினைச்சித்தான். இத அம்மாவுக்குச் சொன்னன், கதையில செத்த மகனும் உண்மையில செத்த மனிசனும் ஒரே பாட்டுல எண்டு பெருமூச்சு விட்டா.

இப்பிடி ஒண்டப் பாத்து முடிச்சவனுக்கு 2012ல கோரா வருது. 70 வருசத்துக்குப் பிறகு, ஆங் இல்ல, கார் ஓடுது, ரேடியோ பாடுது, தண்ணிக் கூட்டத்துல 17 வயசு முரட்டுப் புள்ள ஒண்டு, நாலு பூதத்தையும் ஆட்டிவைக்கிற அடுத்த அவதாரமாம். ஆங் கெஞ்சிக் கெஞ்சிப் படிச்ச தண்ணி, மண், நெருப்பு எண்ட மூணு வித்தையையும் இவ சின்னப்புள்ளையில இருந்தே வச்சிரிக்கா. சரி எண்டு பாத்தன், அமோன் எண்ட வில்லன் சரியான கெட்டிக்காரன், வித்தை தெரிஞ்சவன் தெரியாதவன மிதிக்கிறான் எண்டு அவன் சொல்ற ஞாயம் அரைவாசி உண்மை. கடைசி எபிசோட்ல கோராட வித்தையப் பறிச்சிடுவான். புள்ள மலை விளிம்புல நிண்டு அழும், ஆங் ஆவியா வந்து எல்லாத்தையும் திருப்பிக் குடுத்திட்டுப் போயிடுவார். அஞ்சு நிமிசம் வராது. இதுக்காடா பன்ரெண்டு எபிசோட் பாத்தன் எண்டு லெப்டொப்ப மூடினன். அது முதலாம் தரம்.

மறுகா தேடிப் பாக்கக்குள்ளதான் ஏன் அப்பிடி எண்டு விளங்கினது. அது முதல்ல 12 எபிசோடோட முடியிற சின்னத் தொடராத்தான் எடுபட்டதாம், அதான் கடைசியில எல்லா முடிச்சையும் அவசரமா அவுத்துட்டாங்க. பிறகு 14, பிறகு ரெண்டு சீசனா 26 எண்டு கூட்டிக் கூட்டி 52 ஆக்கினது. ஆங் கதை அப்பிடியில்ல, மூணு சீசன், ஒரே பயணம், ஒரே எதிரி, வால்வெள்ளி வரமுதல் நெருப்பு நாட்டு ராசாவ அடக்கணும் எண்டு முதல் சீசன்லயே நாள் குறிச்சாச்சி. இன்னொண்டு, ஆங் கதைக்குத் தலைமை எழுத்தாளரா இருந்த ஏரன் ஏஹாஸ் கோராவுல இல்ல, முதல் சீசன் முழுக்க, ரெண்டு கதையையும் உருவாக்கின மைக்கல் டிமார்டினோவும் பிரையன் கொனியட்ஸ்கோவும் ரெண்டு பேருமே எழுதினது. கோராவுல பகிடி கொஞ்சம் வரண்டு கிடக்கிறதுக்கும் காதல் முக்கோணம் இழுபடுறதுக்கும் அதுவும் ஒரு காரணம் எண்டு நான் நினைக்கிறன். நான் நினைக்கிறதுதான், சண்டைக்கு வராதீங்க.

ஆனா ஆங் ஆக்கள் ஒண்ட மறந்துடுறாங்க. ஆங்குக்கும் கடைசியில அப்பிடித்தான் நடந்த. ராசாட மகள் அசூலா மின்னலால அடிச்சி உடம்புல அடைபட்ட சக்திச் சக்கரம் முதுகுல கல்லு குத்தினதும் திறந்துட்டுது. கொல்லாம எப்பிடி அடக்கிற எண்ட கேள்விக்கு விடை, கடலுக்குள்ள இருந்து திடீரெண்டு வந்த சிங்கமுக ஆமை. கோராவுக்கு நடந்தா ஏமாத்து, ஆங்குக்கு நடந்தா விதியா? எனக்கே இத ஒத்துக்கொள்ள பத்து வருசம் போச்சி.

இது எங்கட கல்லடிப் பழைய ஒத்தைவழிப் பாலம் மாதிரி. 2013ல புதுப்பாலம் திறந்த நாள் தொட்டு, பழசுட அழகு வருமா எண்டு சொல்லிக்கிட்டே இரிக்காங்க, அழகுதான், நானும் அதுல நிண்டு போட்டோ எடுத்திரிக்கன். ஆனா அங்கால இருந்து பஸ் வரும்வரைக்கும் இஞ்சால வெயில்ல காத்து நிண்டவனுக்குத் தெரியும் அந்த அழகு.

அதுக்காக கோராவுல குறையே இல்ல எண்டு சொல்லல்ல, இரிக்கு. எனக்கு ஆகப் பெரிய கவலை, சண்டையில தாளம் போனது. எங்கட சித்தப்பா கூத்து ஆடினவர், மேடையில கால் வைக்கிறதப் பாத்தே இது வடமோடி இது தென்மோடி எண்டு சொல்லிடுவார், பாட்டுக் கூடக் கேக்கத் தேவையில்ல. ஆங் கதையும் அப்பிடித்தான். தண்ணிக்கு தாய் சி, மண்ணுக்கு ஹுங் கார், நெருப்புக்கு வடக்கு சாவொலின், காத்துக்கு பாகுவா, நாலும் நாலு உண்மையான சீனச் சண்டைக்கலை, கிஸு எண்டு ஒரு மாஸ்டரப் பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் செஞ்சாங்க. டொஃபுக்கு மட்டும் தனியா தெற்கு மான்டிஸ் பாணி, கண் தெரியாத புள்ள காலால நிலத்தத் தடவிக் கேக்கிற மாதிரி. சத்தத்த நிப்பாட்டிட்டு நிழல மட்டும் பாத்தாலும் ஆர் எந்த ஊர் எண்டு தெரியும். கோராவுல நகரத்து ஆக்கள் எல்லாம் ஒரே மாதிரி கையப் பொத்தி முகத்துக்கு நேர வச்சிக் குத்துவாங்க, அதுல வாற வித்தைப் போட்டி விளையாட்டே அப்பிடித்தான். ஊர் கலந்தா அடவும் கலக்கும்தானே எண்டு தங்கச்சி சொல்லுவா, ஞாயம் சரி, ஆனா கண்ணுக்கு நட்டம்.

ரெண்டாம் தரம் 2015. தங்கச்சி என்ன விட எட்டு வயசு இளமை, அவ பாத்த முதல் கதையே கோராதான், ஆங்கப் பிறகுதான் பாத்தா, அவளுக்கு ஆங் "குழந்தைப் புள்ளைட படம்". வாண்ணா ஒண்டாப் பாப்பம் எண்டு சீசன் 2 போட்டா. தொடக்கத்து எபிசோடெல்லாம் வேற ஸ்டூடியோ, பியரோ எண்டு ஜப்பான்காரங்க, பிறகு கொரியாவுல இருக்கிற ஸ்டூடியோ மிர் கைக்கு வரும், அந்த வித்தியாசம் முகத்துலயே தெரியும். நடுவுல வான் எண்ட முதல் அவதாரத்திட ரெண்டு எபிசோட், மை தொட்டு வரைஞ்ச மாதிரி, அது வேற லெவல். அத நம்பி இருந்தா கடைசியில பழைய அவதாரங்கள் ஒவ்வொருத்தரா மறைவாங்க, ஆங்கும் மறைஞ்சிடுவார். இனி அவங்களோட கதைக்கவே ஏலாது. தமிழாக்களுக்கு அவதாரம் எண்ட சொல்லே நம்மட சொல், சங்கிலி அறுந்தா பிறகென்ன அவதாரம் எண்டு கத்திப்போட்டு எழும்பிட்டன். "உங்களுக்கு கோராவப் பிடிக்கல்ல, ஆங்கத்தான் தேடுறீங்க" எண்டா. அந்த ஒரு கிழமை அதுக்குப் பிறகுதான்.

2022 பங்குனி. பைக்குல போகக்குள்ள மணல்ல சறுக்கி வலது கால் முழங்காலுக்குக் கீழ ரெண்டு இடத்துல உடைஞ்சிட்டு. பிளேட் வச்சாங்க. ஆஸ்பத்திரியால வந்தா நாட்டுல கரண்ட் இல்ல, நாளுக்குப் பத்துப் பதிமூணு மணித்தியாலம் கட், பெற்றோல் இல்ல, பிசியோவுக்கு ஏத்திப் போக ஓட்டோ இல்ல. வாறவங்க எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்வி, "இப்ப சுகம்தானே மனே?" முதல் மாசம் ஓம் எண்டு சிரிச்சன். நாலாம் மாசம் வாசல்ல ஆள் கண்டா கண்ண மூடிப் படுத்துடுவன். கூட்டாளிமார்ட மெசேஜுக்கும் பதில் போடல்ல, என்னத்தச் சொல்ற?

கரண்ட் வாற நேரம் தங்கச்சி லெப்டொப்ப சார்ஜ் ஏத்தி வச்சிட்டு, எதிர்ப்புச் சொல்ல எழும்பிப் போக ஏலாதுதானே எண்டு சிரிச்சிக்கிட்டே சீசன் 3 போட்டா. அதுல சஹீர் எண்டு ஒரு வில்லன், குரு லகிமா எண்ட பழைய துறவிட பாட்டுகள பாடமாக்கி வச்சிரிப்பான், கடைசியில எல்லாப் பற்றையும் விட்டு அப்பிடியே ஆகாயத்துல மிதப்பான். இங்லிஷ்காரனுக்கு அது சும்மா ஒரு பேர், எங்களுக்கு? பள்ளிக்கூடத்துல அணிமா மகிமா லகிமா எண்டு அட்டமா சித்தி பாடமாக்கினவனுக்கு அவன் பறக்கப் போறான் எண்டு பேரக் கேக்கக்குள்ளயே தெரிஞ்சிட்டு. அவன்ட கூட்டத்துல ஒருத்தி நெத்தியால வெடிக்க வைப்பா, நெற்றிக்கண்தான், வேறென்ன. மொத்தத்துல நாலு சீசன்ல ஆக நல்லது இதுதான். இந்த சீசனத்தான் 2014ல எட்டு எபிசோடோட டீவியால எடுத்து மிச்சத்த இணையத்துல போட்டாங்க. கனபேர் கோராவ முழுசாப் பாக்காமலே திட்டுறதுக்கு அதுவும் காரணமா இரிக்கும் எண்டு எனக்கு ஒரு சந்தேகம்.

சஹீர்ட ஆக்கள் கோராட உடம்புக்குள்ள பாதரசத்த ஏத்திடுவாங்க. அவ வெல்லுவா, ஆனா நடக்கமாட்டா, சில்லு வச்ச கதிரையில இருந்து ஒரு சொட்டுக் கண்ணீரோட சீசன் முடியும். சீசன் 4 ரெண்டாவது எபிசோட், ஆங்கோட பயணம் போன கட்டாரா, இப்ப கிழவி, கோராவ இருத்தி வச்சி பெருவிரல அசை புள்ள எண்டு சொல்லுவா. அசையாது. கோரா எரிஞ்சு விழுவா. நான் லெப்டொப்ப நிப்பாட்டச் சொன்னன். தங்கச்சி பயந்துட்டா, நோகுதா எண்டு கேட்டா. அண்டைக்குக் காலையிலதான் நான் பிசியோ செய்ய வந்த பொடியன் மேல அப்பிடி எரிஞ்சு விழுந்திருந்தன், அதே பெருவிரலுக்கு.

பிறகு திரும்பப் போட்டம். மூணு வருசம் போகும் அவளுக்கு. கூட்டாளிமார் கடிதம் எழுதுவாங்க, பதில் அசாமி எண்ட கூட்டாளி ஒருத்திக்கு மட்டும்தான் போகும். நடக்கத் தொடங்கின பிறகும் வெல்ல மாட்டா, தன்ட உருவத்துல சங்கிலியோட ஒண்டு வந்து முன்னால நிக்கும். டொஃப் கிழவி சேத்துக்காட்டுக்குள்ள வச்சி மிச்சப் பாதரசத்த எடுக்கப் பாப்பா, இவ விடமாட்டா, கடைசியில தானாத்தான் எடுப்பா. எடுத்த பிறகும் பயம் போகாது, அடுத்த சண்டையிலயும் தோப்பா. சஹீர் அடைபட்டுக் கிடக்கிற இடத்துக்கே போய் அவனுக்கு முன்னால நிண்ட பிறகுதான் கொஞ்சம் விடும்.

ஆங் நூறு வருச யுத்தத்த முடிச்சான், முடிஞ்சா தேத்தண்ணிக்கடை, சூரியன் சாயுது, எல்லாரும் சிரிக்கிறாங்க. 16 வயசுல எனக்கு அது வேணும்தான். யுத்தம் முடிஞ்சிட்டு, இப்ப எல்லாம் சுகம்தானே எண்டு எல்லாரும் கேக்கிற இடத்துல இருந்து தொடங்குற கதை கோராட. அத 17 வயசுல பாத்து நான் என்னத்தக் கண்டன், வில்லன் மாறி மாறி வாறான் எண்டதத்தான் கண்டன். அம்மாவும் அந்தப் பெருவிரல் எபிசோட எங்களோட இருந்து பாத்தா, மொட்டைப் பொடியன்ட மகன் எங்க எண்டு டென்சினத் தேடினா, பிறகு கோராவக் காட்டி, "இந்தப் புள்ளையப் பேசாம விடுங்களன்" எண்டா. என்னையும் பாத்துத்தான் சொன்னா போல.

எது நல்லம் எண்டு கேட்டா இப்பயும் ஆங் கதைதான், கட்டுமானத்துல அதுக்குக் கிட்ட கோரா வராது, எதிரியா வந்து மனம் மாறின சூக்கோ மாதிரி ஒருத்தன் கோராவுல இல்ல. ஆனா நான் கால் நீட்டி இருந்த ஏழு மாசத்துல எனக்கு உதவினது அது இல்ல. தங்கச்சி இதப் பாத்தா ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைப்பா, வைக்கட்டும்.

உங்களுக்கு வழி சொல்றன். ஆங் முடிஞ்ச கையோட கோராவத் தொடாதீங்க, ரெண்டு மூணு மாசம் விடுங்க. சீசன் 1 பாருங்க, கடைசி அஞ்சு நிமிசத்துக்குப் பல்லக் கடிங்க. சீசன் 2 தொடக்கத்த வேகமா ஓட்டலாம், வான்ட கதை வாற ஏழாவதும் எட்டாவதும் மட்டும் லைட்ட நூத்திட்டுப் பாருங்க. சீசன் 3ல ஒண்டும் தவற விடாதீங்க. சீசன் 4ல எட்டாவது எபிசோட் பழைய காட்சிகள வெட்டி ஒட்டினது, காசக் குறைச்சிட்டாங்களாம், வேலை செஞ்ச ஆக்கள வீட்டுக்கு அனுப்பாம இருக்கிறதுக்காக அப்பிடி ஒண்டச் செஞ்சதாம், அதால அவங்களத் திட்ட மனசு வரல்ல. அத ஓடவிட்டுட்டு எழும்பிப் போய் தேத்தண்ணி போட்டுட்டு வாங்க.