கரண்ட் கம்பி இல்லாத கடற்கரையில் ஏசி: பற்றரியில் ஓடும் கரவனுக்குக் கேள்வி பதில்

பாசிக்குடாவில் இருந்து அறுகம்பே வரைக்கும் கரவனும், படுக்கை போட்ட வேனும் நிறுத்தி ஆட்களைத் தங்க வைப்பவர்கள் கேட்டவை இவை. கணக்குகளில் "யூனிட்" என்று வருவது கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்: 1,000 வாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் 1 யூனிட்.

கல்குடாவில் இருந்து: எங்கட கரவன் 16 அடி நீளம், 7 அடி அகலம். இரவு பத்து மணிக்குப் போட்டா காலையில ஆறு மணி வரைக்கும் ஏசி ஓடணும். லைன் இழுக்க வழியில்ல. 12 வோல்ட் 200 ஆம்பியர் லிதியம் ஒண்டு போதும் எண்டு கடைக்காரர் சொல்றார். சரியா அண்ணன்?

போதாது. 12.8 வோல்ட்டை 200 ஆல் பெருக்கிப் பாருங்க, 2.56 யூனிட்தான் வரும். உங்களுக்கு வேண்டியது அதைவிடக் கூட.

9,000 பீடியூ (குளிர்த்தும் திறனின் அளவு) இன்வேட்டர் ரக, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும், ஸ்பிளிட் ஏசி ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கரவனைக் குளிர்த்த முதல் ஒரு மணித்தியாலம் அது 750 வாட் அளவில் இழுக்கும். அதற்குப் பிறகு அடங்கி, கதவு மூடியிருந்தால் சராசரி 350 வாட்டில் ஓடும். 0.75 யூனிட்டும், 7 மணித்தியாலத்துக்கு 2.45 யூனிட்டும் சேர்த்து 3.2. பற்றரி கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வேட்டர் பெட்டி பத்து சதவீதத்தைத் தின்னும், சும்மா இருக்கவே 25 வாட் எடுக்கும். ஆக ஒரு இரவுக்கு 3.75 யூனிட். பற்றரியை அடிமட்டம் வரை வற்ற விடாமல் 85 சதவீதம் மட்டும் எடுப்பதானால் 4.4 யூனிட் கொள்ளும் பற்றரி தேவை.

24 வோல்ட் 200 ஆம்பியர்மணி எல்எஃப்பி (லிதியம் இரும்பு பொஸ்பேட்) ரக லிதியம் போடுங்க. அது 5.1 யூனிட். ஃபிரிட்ஜும் லைட்டும் அதிலேயே ஓடுவதென்றால் 280 ஆம்பியர்மணி, 7.2 யூனிட். 12 வோல்ட்டில் கட்டவே வேண்டாம். 1,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும், 24 வோல்ட்டில் அதில் பாதி. கேபிள், லக் (கேபிள் முனையில் பூட்டும் காது), பியூஸ் எல்லாம் அந்த ஆம்பியருக்குத்தான் சூடாகும்.

இன்வேட்டர் பெட்டி 2,000 வாட், சுத்த சைன் அலை. மலிவுப் பெட்டிகளின் படிக்கட்டு அலை, ஏசியின் உள்ளே இருக்கும் போர்டை எரிக்கும். கேபிள் 35 எம்எம் (குறுக்குவெட்டு, சதுர மில்லிமீற்றர்), நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேல் போகாமல். பற்றரியின் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 125 ஆம்பியர் கிளாஸ்-டி (Class T) பியூஸ். சாதாரண கார் பியூஸ் வேண்டாம்: லிதியம் ஷோர்ட் ஆனால் வரும் பல ஆயிரம் ஆம்பியரை அதனால் அறுக்க முடியாது, உருகிய பிறகும் தீப்பொறி பாய்ந்துகொண்டே இருக்கும். பீஎம்எஸ் (லிதியம் பற்றரியைக் காவல் பார்க்கும் போர்டு) 150 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும். தங்குகிறவர்கள் கேத்தலும் ரைஸ் குக்கரும் போடுவார்கள் என்றால் எல்லாவற்றையும் 3,000 வாட்டுக்கு ஏற்றுங்க: 50 எம்எம் கேபிள், 200 ஆம்பியர் பியூஸ், 200 ஆம்பியர் பீஎம்எஸ்.

அதே ஆள்: அந்தப் பற்றரிய சோலரால நிரப்பலாமா?

நிரப்பலாம். 400 வாட் பேனல் மூன்று. ஒன்று ஏறத்தாழ 1.7 மீற்றருக்கு 1.1 மீற்றர், குறுக்கே வைத்தால் உங்கட கூரையில் மூன்றும் பதினொரு அடிக்குள் அடங்கும். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட்டுக்கு மேல் தரும். மூன்றையும் தொடராகக் கட்டி, 150 வோல்ட் 50 ஆம்பியர் எம்பிபிடி (பேனல் கரண்டைப் பற்றரிக்கு ஏற்ப மாற்றும் சார்ஜ் பெட்டி) போடுங்க. 100 வோல்ட் எம்பிபிடி மலிவு என்று வாங்கிவிடாதீங்க. ஒரு பேனலின் திறந்த வோல்ட் (ஒன்றும் பூட்டாதபோது காட்டுவது) 37, மூன்று சேர்ந்தால் 111. போட்ட அன்றைக்கே போய்விடும்.

தென்னைக்குக் கீழே நிறுத்தினால் இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. ஒரு ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அதன் மூன்றில் ஒரு பங்கு போகும். ஓலை ஆட ஆட அது மாறிக்கொண்டே இருக்கும்.

மாரி காலத்தில் மழை பிடித்தால் பாதிகூட வராது. வாடைக்காற்று வீசும் இரவில் ஏசியும் பாதிதான் ஓடும் என்பதால் சமாளிக்கலாம், ஆனால் மூன்று நாள் தொடர்ந்து மூடினால் வேறு சார்ஜ் வேண்டும்.

ஏறாவூரில் இருந்து: வீட்ல ஒரு டன் ஜன்னல் ஏசி ஒண்டும் 12 வோல்ட் 200 ஆம்பியர் டியூபியூலர் பற்றரி ரெண்டும் சும்மா கிடக்கு. வேனுக்குப் பூட்டினா என்ன காக்கா?

ஜன்னல் ஏசி ஓடும்போது 5 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கம்பிரசர் புறப்படும் அந்த ஒரு நொடியில் 20, 30 ஆம்பியர் கேட்கும். அதாவது 6,000 வாட்டைத் தாண்டலாம். இன்வேட்டர் பெட்டி அலாரம் அடித்து நிற்கும். சொஃப்ட் ஸ்டார்ட்டர் பூட்டினால் அந்த இழுப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். புறப்படும், ஆனால் எவ்வளவு நேரம்? டியூபியூலர் என்பது ஈயப் பற்றரி, அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். இரண்டிலும் சேர்த்து எடுக்கக்கூடியது 2.4 யூனிட். இவ்வளவு வேகமாக இழுத்தால் அதுவும் கிடையாது. கம்பிரசர் 1,100 வாட்டில் ஓடினால் இரண்டு மணித்தியாலம்கூடப் போகாது.

அதைவிட முக்கியம், தண்ணி ஊற்றும் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். ஆள் படுக்கும் வேனுக்குள் அதை வைக்கவே கூடாது. இரண்டையும் வீட்டு ஃபேனுக்கும் லைட்டுக்கும் விடுங்க.

பொத்துவிலில் இருந்து: கனடாவில இருக்கிற அண்ணன் கரவன் கூரைல வைக்கிற 13,500 பீடியூ ஏசி ஒண்டு அனுப்பியிருக்கார். 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வச்சுப் போடலாம் எண்டு வயரிங் பாஸ் சொல்றார்.

ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. 60க்குச் சுற்றிய மோட்டருக்கு 120 வோல்ட்டை 50 ஹேர்ட்ஸில் கொடுத்தால் இரும்புக்குள் காந்தம் இருபது சதவீதம் கூடிச் செறிந்துவிடும். மோட்டர் சூடேறும், உறுமும், ஃபேன் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றுவதால் அந்தச் சூடு வெளியேயும் போகாது. சில நாள் ஓடிவிட்டு எரியும்.

வேடிக்கை என்னவென்றால், லைன் கரண்டில் ஓடாத அந்த ஏசி பற்றரியில் ஒழுங்காக ஓடும். 24 வோல்ட்டில் இருந்து 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ் தரும் 3,000 வாட் இன்வேட்டர் ஒன்றும், கம்பிரசருக்கு சொஃப்ட் ஸ்டார்ட்டரும் போதும். ஆனால் அது அடங்கி ஓடத் தெரியாத ரகம். கம்பிரசர் போனால் 1,400 வாட், நின்றால் ஃபேன் மட்டும். இரவில் அறுபது சதவீத நேரம் ஓடினாலே இன்வேட்டர் தின்பதோடு 7 யூனிட்டைத் தாண்டும். அந்தப் பற்றரிக் காசின் மிச்சத்தில் இங்கேயே 230 வோல்ட் இன்வேட்டர் ஸ்பிளிட் வாங்கலாம். அண்ணனுக்கு மனவருத்தம் வராமல் சொல்வது உங்கட பாடு.

கல்முனையில் இருந்து: 24 வோல்ட், புது லிதியம், புது இன்வேட்டர். ஏசி போட்டு அஞ்சு நிமிசத்தில "பீப்" அடிச்சு நிக்குது. பற்றரில மீட்டர் வச்சா 26 காட்டுது. பற்றரி பழுதா?

பற்றரியைக் கழற்ற முதல் இதைச் செய்யுங்க. ஏசி ஓடும்போதே மீட்டரைப் பற்றரி முனையில் வைத்து எழுதுங்க. உடனே இன்வேட்டரின் முனையில் வைத்து எழுதுங்க. பற்றரியில் 25.8, இன்வேட்டரில் 23.1 என்று வந்தால் நடுவில் 2.7 வோல்ட் தொலைகிறது. 40 ஆம்பியர் ஓடும்போது அது 108 வாட், ஒரு பழைய குண்டு பல்ப் அளவு சூடு. இன்வேட்டர் தனக்கு வரும் 23.1ஐப் பார்த்துப் பற்றரி வற்றிவிட்டது என்று நினைத்து நிற்கிறது.

பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் ஆணியிலும் மற்றதைக் கேபிளின் லக்கிலும் வையுங்க. அதன் பிறகு லக்கிலும் பியூஸ் முனையிலும். இப்படியே ஒவ்வொரு மூட்டாகப் போனால், எது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டுதோ அதுதான் ஆள். பெரும்பாலும் சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்காக இருக்கும். வெளியே பளபளப்பு, ஷ்ரிங்க் டியூபை வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. நம்மட உப்புக்காற்று செப்புக்கம்பிக்குள் கேசநாளம் போல ஏறும். லக்கை வெட்டி எறிந்து, கம்பி பளிச்சென்று வரும் இடம் வரை பின்னுக்கு வெட்டி, வெள்ளீயம் பூசிய லக்கை ஹைட்ரோலிக் கிரிம்பரால் நசுக்கி, உள்ளே பசையுள்ள ஷ்ரிங்க் டியூப் போடுங்க. வாஷரை லக்குக்கும் முனைக்கும் நடுவில் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது தப்பு. லக் நேரே முனையில் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே.

இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட் காட்டியும் நிற்குது என்றால் இன்வேட்டரின் செட்டிங்கைப் பாருங்க. ஈயப் பற்றரிக்கு வைத்திருக்கும். லிதியத்துக்கு நிறுத்தும் வோல்ட் 24.0, சார்ஜ் 28.4, ஃப்ளோட் (நிரம்பிய பிறகு பிடித்து வைப்பது) 27.0. "ஈக்குவலைஸ்" (ஈயப் பற்றரிக்கான கூடுதல் வோல்ட் சார்ஜ்) என்று ஒன்று இருந்தால் அதை மூடுங்க.

களுவாஞ்சிக்குடியில் இருந்து: கச்சான் காத்து (சுடுற மேல்காத்து) அடிக்கிற மாசத்தில பகல்லயும் ஏசி வேணும். இன்னும் எத்தின பற்றரி கூட்டணும்?

பற்றரியைக் கூட்ட முதல் வெயிலைக் குறையுங்க. உச்சிவெயில் ஒரு சதுர மீற்றருக்கு 1,000 வாட் அளவில் விழுகிறது, கரவன் கூரை பத்துச் சதுர மீற்றர். ஏசியோடு சண்டைக்கு நிற்பது அதுதான். கரவனுக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டுக் கிடுகுப் பந்தல் ஒன்று போடுங்க, கிடுகு இரண்டு படை. அந்த இடைவெளியால் காற்று போக வேண்டும். கூரையோடு ஒட்டிக் கட்டினால் பாதிப் பலன். பேனலைப் பந்தலுக்கு வெளியே தரையில் சட்டம் அடித்து, தெற்குப் பார்த்து, மழைத்தண்ணி வழிகிற அளவு பத்துப் பாகை சாய்த்து வையுங்க. கண்ணாடிகளுக்கு வெளிப்பக்கம் மறைப்பு. உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது.

இதெல்லாம் செய்தபின் பகலில் ஏசி ஓடினால் கூடுதல் பற்றரி தேவைப்படாது. அந்த நேரம் பேனல் தருவது நேரே ஏசிக்குப் போகும். ஆனால் இரவுக்கு நிரம்ப வேண்டியதும் அந்த வெயிலால்தான். எனவே கூட்ட வேண்டியது பேனல், இன்னும் இரண்டு, முதல் மூன்றோடு தொடராகச் சேர்க்காமல் வேறு எம்பிபிடியில்.

காத்தான்குடியில் இருந்து: கொழும்புக்கு வேன் ஓடுறம். ஓடுற நேரத்தில ஒல்டர்னேட்டரால சார்ஜ் பண்ணலாம்தானே?

நேரே கட்ட வேண்டாம். லிதியம் கொடுத்த அளவை எல்லாம் வாங்கும், ஒல்டர்னேட்டர் முழு ஆம்பியரில் ஓடிச் சுருள் கருகும். நடுவில் 12 வோல்ட்டை 24 ஆக்கும் டீசி-டீசி சார்ஜர், 400 வாட். இஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்ய இக்னிஷன் வயரை அதற்குக் கொடுங்க. ஆறு மணித்தியால ஓட்டத்தில் 2 யூனிட்டுக்கு மேல் வரும், அரை இரவுக்கு மேல் காணும். நின்ற இடத்தில் இஞ்சினை ஓட விட்டு சார்ஜ் பண்ணுவது டீசலுக்குக் கேடு.

அக்கரைப்பற்றில் இருந்து: லொறிக்குப் பூட்டுற 24 வோல்ட் பார்க்கிங் ஏசி நல்லமா?

இன்வேட்டர் பெட்டி தேவையில்லை என்பது லாபம். முழுவேகத்தில் 30, 35 ஆம்பியர் எடுக்கும். லொறியின் சொந்தப் பற்றரியில் மட்டும் ஓட்டாதீங்க, இரண்டு மணித்தியாலத்தில் அது வற்றும், விடிய ஸ்டார்ட் எடுக்காது.

மட்டக்களப்பு நகரில் இருந்து: ட்ரிப் ஸ்விட்ச் போட்டிருக்கம். இன்வேட்டர்ல ஓடும்போது டெஸ்ட் பட்டன் அமத்தினா விழுது. அப்ப பாதுகாப்புத்தானே?

அல்ல. டெஸ்ட் பட்டன் ஸ்விட்சின் உள்பொறியைத்தான் சோதிக்கும். பெரும்பாலான இன்வேட்டரில் வெளிவரும் இரண்டு கம்பியும் எர்த்தோடு சேராமல் மிதக்கும். கடலில் குளித்த ஈரத்தோடு ஒருவர் கரவன் உடலைத் தொடும்போது கசிவு இருந்தாலும், கரண்ட் திரும்பிப் போக வழியில்லாததால் ஸ்விட்ச் விழாது. இரண்டாவது கசிவு வரும்போது ஆளால் பாயும். இன்வேட்டரின் நியூட்ரலைக் கரவன் சட்டத்தோடு ஒரே ஒரு இடத்தில் சேர்க்க வேண்டும். லைன் கரண்ட் குத்தும்போது அந்த இணைப்பு ரிலேயால் பிரிய வேண்டும். ஆனால் சில மலிவுப் பெட்டிகள் 230ஐ இரண்டு பாதியாக, 115ம் 115மாகத் தரும். அவற்றில் சேர்த்தால் பெட்டி வெடிக்கும். கையேட்டைப் பார்த்து, லைசன்ஸ் உள்ள பாஸ் ஒருவரைக் கொண்டு செய்யுங்க.

பாசிக்குடாவில் இருந்து: லிதியத்தைக் கட்டிலுக்குக் கீழ வைக்கலாமா?

எல்எஃப்பி என்றால் வைக்கலாம், நேர்வெயில் படும் வெளிப்பெட்டியை விட நல்லது. 45 பாகைக்கு மேல் தினமும் சார்ஜ் ஆனால் ஆயுள் குறையும். பழைய போன், லெப்டொப் செல்களைச் சேர்த்துக் கட்டிய பற்றரி என்றால் கட்டிலுக்குக் கீழேயும் வேண்டாம், கரவனுக்குள்ளேயும் வேண்டாம்.

அறுகம்பேயில் இருந்து: எத்தினைல வைக்கிறது? வெளி யூனிட் ஒரு வருசத்தில உக்கிப் போகுது.

26ல் வைத்துச் சின்ன ஃபேன் ஒன்று போடுங்க. 20ல் வைத்தால் சீக்கிரம் குளிராது, விடிய முன் பற்றரிதான் முடியும்.

வெளி யூனிட்டை இழுவைச் சட்டத்தில், அலை பக்கம் முதுகு காட்டாமல் கரவன் மறைவில் வையுங்க. கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணியால், பிரஷர் கன் இல்லாமல், பூவாளி போல ஊற்றிக் கழுவுங்க. தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கினால் காற்றுப் போகாது, கம்பிரசர் அதிகம் இழுக்கும். ஒரே ஏசி போன மாதத்தை விட 100 வாட் கூட எடுக்குது என்றால் முதலில் அங்கே பாருங்க. இழுத்துக்கொண்டு ஓடும் கரவனில் செப்புக் குழாய் அதிர்வில் ஃப்ளேர் மூட்டில் (வாயை விரித்து நட்டால் முறுக்கும் இடம்) வெடிக்கும். யூனிட்டுக்குக் கீழே ரப்பர் வைத்து, குழாயை மூட்டுக்கு முன் ஒரு வளையம் சுற்றி விடுங்க. மூட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரிந்தால் கேஸ் கசியத் தொடங்கிவிட்டது.