கொமாரூவ், 1920 ஆகஸ்ட் 31: குதிரைப்படைச் சண்டை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: போலந்து–சோவியத் போரில், வார்சாவில் சோவியத் செம்படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, அதன் குதிரைப்படைத் தளபதி புத்யோன்னி மட்டும் ஏன் முன்னேறினார்?

உத்தரவு தாமதமாக நிறைவேறியதுதான் காரணம். அவருடைய 1ஆம் குதிரைப்படைச் சேனையை வடக்கே அனுப்பும்படி, வார்சாவைத் தாக்கிய சோவியத் தளபதி துகாசெவ்ஸ்கி ஆகஸ்ட் நடுவிலேயே கேட்டார். அப்போது அது லுவூவ் நகரை நெருக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சேனை சேர்ந்திருந்த தென்மேற்குப் போர்முனையின் தலைமை, குறிப்பாக அதன் அரசியல் பொறுப்பாளர் ஸ்டாலின், அதை விட மனமில்லாமல் இழுத்தடித்தது. சேனை கிளம்பியபோது வார்சாவில் எல்லாம் முடிந்திருந்தது. ஆகஸ்ட் 29 வாக்கில் ஸமோஷ்ச் நகரை முற்றுகையிட்டது, நகரம் விழவில்லை. அதைக் காத்தவர்களில் மார்கோ பெஸ்ருச்கோ தலைமையில் போலந்தின் பக்கம் நின்ற உக்ரேனிய வீரர்களும் உண்டு. இவர்களைச் சொல்லாமல் இந்தச் சண்டையை எழுதுவது நியாயமில்லை. அதற்குள் போலந்துப் படைகள் பின்பக்கத்தை அடைக்கத் தொடங்கின. இனி கிழக்கே உடைத்துக்கொண்டு வெளியேறுவதுதான் ஒரே வழி. அப்போதுதான் கொமாரூவ் அருகே போலந்துக் குதிரைப்படையோடு மோதல் நடந்தது.

கேள்வி: சில ஆயிரம் குதிரைவீரர்களை வெறும் 1,500 பேர் எப்படித் தடுத்தார்கள்?

கர்னல் யூலியுஷ் ரொம்மெலின் போலந்து 1ஆம் குதிரைப்படை டிவிஷனில் 2 பிரிகேட், அவற்றில் மொத்தம் 6 ரெஜிமென்ட். ஆள்பலம் சுமார் 1,500. எதிரே புத்யோன்னியின் 4 டிவிஷன்கள். ஆனால் அவை ஒன்றாக வரவில்லை, ஒவ்வொன்றாக வந்தன. சண்டையின் முடிவு இங்கேதான் இருக்கிறது.

காலையில் வோலிட்ஸா ஷ்னியாடிட்ஸ்கா கிராமத்தை ஒட்டிய, வரைபடத்தில் 255 எனக் குறித்த மேட்டை ரொம்மெலின் முன்னணி பிடித்தது. அதை மீட்க வந்த செம்படையை ரொம்மெலின் 7ஆம் பிரிகேட் திரும்பத் திரும்பப் பாய்ந்து தடுத்தது. அது ஓய்ந்துபோகும் நேரத்தில் பிளிசோவ்ஸ்கியின் 6ஆம் பிரிகேட் வந்து சேர்ந்தது. மாலையில் சோவியத் 6ஆம் டிவிஷன் பெரும் அணியாக வெளிப்பட்டது. ரொம்மெல் கையில் இருந்த எல்லாவற்றையும் இறக்கினார்.

பாய்ச்சலின் நுட்பத்தைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே நாலுகால் பாய்ச்சலில் விட்டால் வேகமான குதிரை முன்னே போகும், மெதுவானது பின்தங்கும், வரிசை கிழியும். மழையில் ஊறிய களிமண்ணில் குதிரைக்கு மூச்சும் வாங்கிவிடும். அதனால் கடைசிச் சில நூறு மீட்டர் வரை மிதமான ஓட்டம்தான். மோதிய பிறகு இரு தரப்பும் சிதறிவிடும். அந்த நேரத்தில் கலையாத ஒரு ஸ்குவாட்ரனை (ரெஜிமென்ட்டின் சிறு பிரிவை) கையில் வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஒரு ரெஜிமென்ட் பின்னால் போய் அணிதிரளும்போது அடுத்தது பாய்ந்தது. அதனால்தான் சிறிய படை தாங்கியது.

கேள்வி: இயந்திரத் துப்பாக்கி இருந்த காலத்தில் வாளா?

முதல் உலகப் போரின் மேற்கு முனையில் இருந்ததுபோல முள்கம்பியும் தொடர் பதுங்குகுழியும் இங்கே இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் முனைக்கு ஆள் போதவில்லை, இடைவெளி ஏராளம். அதில் நுழையக் குதிரையே தோது. செம்படை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைத் தச்சங்கா எனும் குதிரைவண்டியில் பின்நோக்கிப் பொருத்தியது. துரத்தி வருபவரைச் சுட அது அருமையான ஏற்பாடு. ஆனால் இரு தரப்புக் குதிரைவீரர்களும் கலந்துவிட்டால் சுட முடியாது, சொந்த ஆளே விழுவான்.

கேள்வி: இந்த ரொம்மெல், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியத் தளபதி ரோம்மெலா?

இல்லை. அவர் எர்வின். யூலியுஷ் ரொம்மெல் போலந்துத் தளபதி. 1939 செப்டம்பரில் லோட்ஸ் சேனைக்கும், பிறகு வார்சா பாதுகாப்புக்கும் தலைமை ஏற்றவர்.

கேள்வி: புத்யோன்னியின் சேனை அழிந்ததா? இதுதான் கடைசிக் குதிரைப்படைச் சண்டையா?

அழியவில்லை. அப்படி எழுதுவது மிகை. பலத்த அடி வாங்கி, ஹ்ரூபியெஷூவ் பக்கமாக வெளியேறிவிட்டது. ரொம்மெலின் குதிரைகள் நாள் முழுதும் பாய்ந்து களைத்திருந்தன. துரத்த அவரிடம் புதிய படை இல்லை. காலாட்படையாலும் வளையத்தைச் சரியான நேரத்தில் மூட முடியவில்லை.

இரு பக்கமும் இவ்வளவு பெரிய குதிரைப்படை மோதிய கடைசிச் சண்டை என்றால் சரி. குதிரைமீது பாய்ந்த கடைசித் தாக்குதல் என்றால் தவறு: 1939 செப்டம்பர் 24-ல் ஹுசின்னே அருகே போலந்துக் குதிரைவீரர்கள் சோவியத் காலாட்படைமீது பாய்ந்தார்கள். 1945 மார்ச் 1-ல் ஷோன்ஃபெல்ட் கிராமத்தில் ஜெர்மானியர்மீது பாய்ந்த போலந்துக் குதிரைவீரர்கள், அப்போது செம்படையின் பக்கம் நின்று போரிட்டவர்கள்.