லீட்ஸில் இருந்து வந்த விவாகரத்துப் படிவம்: ‘ஓகே’ போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. ஊர் திருச்சி. 2020இல் இந்து முறைப்படி கல்யாணம். 2022 செப்டம்பரில் கணவர் இங்கிலாந்தில், லீட்ஸில் எம்.எஸ்சி. சேர்ந்தார். நானும் டிபென்டென்ட் விசாவில் கூடப் போனேன். பீஸுக்காக என் நகை 32 பவுனை அடகு வைத்தோம். அவர் படித்தார்; நான் வேர்ஹவுஸில் ராத்திரி ஷிப்ட் பார்த்து வாடகையும் மீதி பீஸும் கட்டினேன். வேலை கிடைத்ததும் ஆளே மாறிவிட்டார். மாமியாரும் நாத்தனாரும் வீடியோ காலிலேயே என்னைக் குத்திக் காட்டுவார்கள். 2024 டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது அங்கிருந்து விவாகரத்துப் படிவம் வந்திருக்கிறது. “அவனே வேண்டாம்னு ஆச்சு, ஓகே போட்டு அனுப்பிடுக்கா” என்கிறான் தம்பி. படிக்கப் போனவர் அங்கே எப்படி வழக்குப் போட முடியும்? என் நகைக்கும் உழைப்புக்கும் என்ன வழி? மூன்று பேர் மீதும் போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: எட்டுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அதன் சுருக்கம்தான் மேலே இருப்பது. நாத்தனார் எந்தப் புடவையைப் பார்த்து என்ன சொன்னார் என்பது வரை எழுதிவிட்டு, தம்பி சொன்ன அந்த ‘ஓகே’யைக் கடைசியில் போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். சட்டப்படி முக்கியமானது அது ஒன்றுதான். படிவம் இன்னும் போகவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கும் வரையாவது தம்பியிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

முதலில் உங்கள் சந்தேகம். படிக்கப் போனவர், குடியுரிமை இல்லாதவர் அங்கே வழக்குப் போடலாம். இங்கிலாந்துச் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. மனு போடுகிறவர் ஒரு வருடம் அங்கே வழக்கமாக வசித்திருந்தால் போதும். 2022 ஏப்ரல் 6 முதல் காரணம் சொல்லவும் தேவையில்லை. ‘திருமண உறவு முறிந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தாலே போதும். மனு பதிவானதில் இருந்து இருபது வாரம் கழித்து முதல் உத்தரவு, அதற்கு மேல் ஆறு வாரம் கழித்து இறுதி உத்தரவு. எனக்கு விவாகரத்து வேண்டாம் என்று நீங்கள் கண்ணீரோடு பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது.

ஆனால் அந்தத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்பது வேறு கதை. நரசிம்ம ராவ் எதிர் வெங்கட லட்சுமி வழக்கில் 1991லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதில் கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் விவாகரத்து வாங்கிவிட்டு இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். உறவு முறிந்துவிட்டது என்பது இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காரணமே இல்லை, அதனால் அந்த விவாகரத்து இங்கே செல்லாது என்றது நீதிமன்றம். இன்றைக்கும் நிலைமை அதுதான். உங்கள் கணவர் வாங்கப் போகும் உத்தரவும் அதே ரகம். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: எதிர்த்தரப்பு சம்மதித்திருந்தால் வெளிநாட்டுத் தீர்ப்பு செல்லும்.

தம்பி போடச் சொல்லும் ஓகே அந்தச் சம்மதம்தான். அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்கிறீர்களா, எதிர்க்கப் போகிறீர்களா என்று படிவம் கேட்கும். இரண்டிலும் அவருக்குச் சாதகமாக டிக் போட்டால், இங்கே செல்லாத தீர்ப்பைச் செல்லும் தீர்ப்பாக நீங்களே ஆக்கிக் கொடுத்ததாகிவிடும். இந்த வழக்கில் அவரிடம் இல்லாமல் உங்களிடம் மட்டும் இருப்பது அந்தச் சம்மதம் ஒன்றுதான். அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள். கோபத்தில் “டிவோர்ஸ் வாங்கிக்கோ, எங்கேயாவது போய்த் தொலை” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் இன்றோடு நிறுத்துங்கள். அது மட்டுமே சம்மதம் ஆகிவிடாது. ஆனாலும் எதிர் வக்கீல் அதை அச்சடித்து நீதிபதி முன்னால் வைப்பார்.

சரி, பதிலே போடாமல் இருந்துவிட்டால்? பலரும் செய்வது இதைத்தான். என் கட்சிக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் இதில்தான். “அந்தத் தீர்ப்பு வெறும் காகிதம், இங்கே நான்தான் மனைவி” என்று தைரியமாக இருப்பார்கள். படிவம் உங்களுக்குக் கிடைத்தது என்று நிரூபணமானால் அங்கே வழக்கு பாட்டுக்கு நடந்து முடியும். அப்புறம் அந்த நாட்டுச் சட்டப்படி அவர் தனி ஆள், அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம். இருதார மணம் என்று இங்கே வழக்குப் போட்டால், வெளிநாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 208ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஜீவனாம்சம் கேட்டால் உத்தரவு வரும். லீட்ஸில் சம்பளம் வாங்குகிறவரிடம் அதை வசூலிப்பது வேறு பாடு. அப்பா பெயரில் வீடு, அம்மா பெயரில் மனை, தன் பெயரில் ஒன்றும் இல்லை என்று கணக்குக் காட்டுவார்.

இதைவிட மோசமானது, சில வருடம் கழித்து உங்களுக்கே ஒரு நல்ல வரன் வரும்போது நடப்பது. “அவன்தான் லண்டன்ல டிவோர்ஸ் வாங்கிட்டானே” என்று சொல்லி, அதுவரை செல்லாது என்று ஒதுக்கிய அதே காகிதத்தைக் காட்டி வீட்டில் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். பிறகு அந்த உறவிலும் தகராறு வந்தால், “இவளுக்கு முதல் கல்யாணமே முறியவில்லை, எங்கள் கல்யாணம் செல்லாது” என்று புதுக் கணவர் ஒரு பெட்டிஷன் போடுவார். சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். போதாததற்கு, தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில், ஏழு வருடம் வரை தண்டனை உள்ள இருதார மணக் குற்றத்துக்கு ஆளாவது நீங்கள். லீட்ஸில் குடும்பம் நடத்துகிற முதல் கணவர் இல்லை. இரண்டு நாட்டிலும் செல்லுபடியாகும் ஒரே தீர்ப்பு யாருக்குத் தேவை என்றால், அவரைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவை.

கெடு முடிவதற்குள் வக்கீல் மூலம் பதில் போடுங்கள்: அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை, இந்த ஆட்சேபத்தோடுதான் எழுதுகிறேன் என்று. நரசிம்ம ராவ் வழக்கில் அந்த மனைவியும் அப்படித்தான் பதில் அனுப்பினார். அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம், மாமியார் கதை வேண்டவே வேண்டாம். ஆத்திரத்தில் அங்கேயே பணமும் கேட்டு மனு போடாதீர்கள். ஒரு கையால் அதிகாரம் இல்லை என்று எழுதி, மறு கையால் அதே நீதிமன்றத்தில் பணம் கேட்டவரை இங்கே நம்ப வைப்பது கஷ்டம்.

நகைக்கு வருவோம். சீதனம் உங்கள் தனிச் சொத்து. கஷ்டத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டிய கடமை கணவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மாயா கோபிநாதன் வழக்கில் மறுபடி சொன்னது. 89 பவுன் விவகாரம் அது. 25 லட்சம் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆனால் ஆதாரம் வேண்டும். கல்யாண ஆல்பத்தைத் தவிர ஒன்றுமே கொண்டுவராத கட்சிக்காரர்கள்தான் அதிகம். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, நகை இன்னும் வங்கியில் இருக்கிறதா, ஏலத்துக்குப் போய்விட்டதா என்று இந்த வாரமே பாருங்கள். கடன் பணம் எந்தக் கணக்குக்குப் போய், அங்கிருந்து எப்படிப் பல்கலைக்கழகத்துக்குப் போனது என்ற ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள்.

உங்கள் உழைப்பில் அவர் வாங்கிய பட்டத்தில் பங்கு கேட்க நம் சட்டத்தில் வழியில்லை. ராத்திரி ஷிப்ட் பணத்தைத் தனியாகத் திரும்ப வாங்கவும் முடியாது. ஜீவனாம்சத் தொகை நிர்ணயிக்கும்போது அது எடை போடப்படும், அவ்வளவுதான். ஆகவே சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

விசாவை மறந்துவிடுங்கள். கல்யாணத்தை நம்பிக் கொடுத்த விசா, கல்யாணம் போனால் போகும். (2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆராய்ச்சிப் படிப்பு மாதிரி ஒரு சில தவிர, துணையை அழைத்துப் போகவே முடியாது. இந்த மாதிரிக் கடிதங்கள் இனிமேல் குறையலாம்.)

மூன்று பேர் மீதும் போலீஸ் புகார் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. உண்மையில் அடி, உதை, வரதட்சணை மிரட்டல் நடந்திருந்தால் கொடுங்கள். உங்கள் எட்டுப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. குத்தல் பேச்சுதான் இருக்கிறது. குடும்பத்தில் எல்லார் பெயரையும் மொத்தமாகச் சேர்க்கும் புகார்களை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில்கூடக் கண்டித்திருக்கிறது. அதோடு, மகளிர் காவல் நிலையத்தில் மனு ரசீது கையில் வந்த அன்றே அவர் இந்தியா வருவதை நிறுத்துவார், அவர் வீட்டார் முன்ஜாமீனுக்கு ஓடுவார்கள், பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் தள்ளிப் போகும்.

பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்திருப்பதால் மனமொத்த விவாகரத்துக்கு வழி இருக்கிறது; நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே போடலாம். அவர் வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம். முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையிலான ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யவும் உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புப்படி கேட்கலாம். அவருக்கு ஊரில் செல்லும் தீர்ப்பு கிடைக்கும். உங்களுக்கு நகையும் ஒரு மொத்தத் தொகையும் கிடைக்க வேண்டும். “முதலில் கையெழுத்து, பணம் மாசாமாசம் அனுப்புகிறேன்” என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். நகை அல்லது அன்றைய விலைக்கு ஈடான பணம் முதல் மனுவின்போதே கைக்கு வர வேண்டும். மீதித் தொகைக்கான டிமாண்ட் டிராஃப்ட் நீதிபதி முன்னால் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது மனுவில் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குள் இங்கிலாந்து வழக்கை அவர் வாபஸ் வாங்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள்.