தொட்டால் சுரீரென்னும் பழைய மேசை மின்விசிறி ஆபத்தானதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இரும்புக் கூடுள்ள பழைய மேசை மின்விசிறியைத் தொட்டால் சுரீரென்கிறது, எர்த் லீக்கேஜ் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகவில்லை, டேப் சுற்றினால் போதுமா?

போதாது. எர்த் லீக்கேஜ் 30 மில்லி ஆம்பியரை ஒட்டிய கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும். நம் விரலோ 1 மில்லி ஆம்பியரையே உணர்ந்துவிடும். ஆகவே அது டிரிப் ஆகாதிருப்பது விசிறிக்கு நற்சான்று ஆகாது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, முதலில் விசிறியின் கழுத்தைப் பாருங்கள். தலை இடம் வலமாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அங்குள்ள ஒயர் வளைந்து நிமிர்வதால் அதன் மேலுறை பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கிறது. டர்பனின் கோடை ஈரமும் மோட்டாருக்குள் படிந்த தூசியும் சேர்ந்துகொண்டால், கூட்டுக்கு மின்சாரம் கசிய வழி பிறந்துவிடும். டேப், என் கணிப்பில், பழுதை மறைக்கும் திரை மட்டுமே. ஒயரையே மாற்ற வேண்டும்.

இரட்டைக் காப்பை, அதாவது மின்சாரம் கூட்டுக்குக் கசியாதபடி இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருப்பதைக் காட்டும், சதுரத்துக்குள் சதுரமான குறி இல்லாத உலோக விசிறிக்கு மூன்று இழை ஒயர் கட்டாயம். அதன் எர்த் இழையான, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் பச்சை மஞ்சள் இழையை ஒரு முனையில் இரும்புக் கூட்டோடும், மறுமுனையில் நம் ஊர்ப் பிளக்கின் பருத்த முள்ளோடும் இறுக்கமாகப் பொருத்தித் தருமாறு எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதுவரை விசிறியைப் பயன்படுத்த வேண்டாம்.