சின்ன வீட்டு பிளக்குகளுக்கு ரிங்கா, ரேடியலா?

ஹட்டன் பக்கம் 7 பேர்ச்சஸில் 550 சதுர அடி வீடு கட்டுகிறீர்கள், வயரிங் பாஸ் (வயர் இழுக்கும் மின்வேலைக்காரர்) 'ரிங்தான் போடணும்' என்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரேடியலே போதும், அதாவது கேபிள் பிளக் பிளக்காகப் போய்க் கடைசி பிளக்கோடு நின்றுவிடும் முறை. பாஸ் சொல்வது தப்பில்லை, பழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செம்பு தட்டுப்பாடான காலத்தில் பிரித்தானியாவில் வந்த முறை ரிங். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், அதாவது பாஸ்மார் சொல்லும் 7/0.67 (0.67 மில்லிமீட்டர் கம்பி ஏழு), பிரேக்கரில் (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிச்) கிளம்பி எல்லா பிளக்கையும் தொட்டுவிட்டு அதே பிரேக்கருக்குத் திரும்பும். கரண்ட் இரண்டு பக்கமும் பிரிந்து வருவதால் அந்தக் கேபிளுக்கே 32 அம்பியர் பிரேக்கர் போடலாம். 100 சதுர மீட்டர் வீட்டுக்கு அது லாபம். உங்களுடையது 51தான். வீடு முழுவதற்கும் வரும் வழக்கமான சிங்கிள் பேஸ் இணைப்பே 30 அம்பியர்!

எங்கள் வீட்டில் ரிங். ஒரு மழைக்காலம், கேத்தலைப் போட்டாலே குசினியில் மாசிக் கருவாடு கருகுற வாடை. அம்மா அடுப்பைச் சந்தேகப்பட்டார். பிளக்கைக் கழற்றினால் இரண்டு நியூட்ரலில் ஒன்று திருகிலிருந்து நழுவித் தனியாக நிற்கிறது. மற்றதன் தோல் பழுப்பேறி, தொட்டதும் நொறுங்கியது. எப்போது கழன்றதோ! எல்லா பிளக்கும் வேலை செய்துகொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ட்ரிப் சுவிச்சும் விழவில்லை; அது கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால்தான் விழும். 32 அம்பியர் பிரேக்கருக்கோ இது ஒரு சுமையே இல்லை.

ரேடியலில் வயர் விட்டுப்போனால் அதற்கு அப்பால் உள்ள பிளக் செத்துவிடும், அன்றைக்கே பாஸைக் கூப்பிடுவீர்கள். எனக்கு இது ஒன்றே போதும்.

20 அம்பியர் பிரேக்கரில் இரண்டு ரேடியல் லைன் கேளுங்கள்: குசினிக்கு ஒன்று, மற்ற அறைகளுக்கு ஒன்று. 2000 வாட் கேத்தல் மட்டும் 9 அம்பியர் கிட்ட இழுக்கும், அதனால் குசினியை வேறெதனோடும் சேர்க்க வேண்டாம். நம்ம குளிருக்கு எப்படியும் ஹீட்டர் வாங்குவீர்கள். அதற்குத் தனி லைன், வயர் போகும் பைப்பை இப்போதே சுவரில் விட்டுவிடுங்கள்.

பாஸ் பிடிவாதமாக ரிங்தான் என்றால், சரி, போடட்டும். ஆனால் கரண்ட் கொடுக்கும் முன், திரும்பி வரும் லைவ், நியூட்ரல், எர்த் மூன்றின் இரு முனைகளையும் கழற்றி, மீட்டர் வைத்து, சுற்று முழுசா இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.