அடகு வைத்த என் நகையைக் கேட்டாலே கணவர் எரிந்து விழுகிறார்

கணவர் அடகு வைத்த நகையைத் திருப்பிக் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகக் கேட்கலாம். உங்கள் வீட்டில் போட்ட 15 பவுனும் சட்டப்படி உங்களுடையது. கஷ்டத்துக்குக் கணவர் எடுத்துக்கொண்டாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கிறது.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே சட்டம் பேசாதீர்கள். அவர் தங்கை கல்யாணத்துக்கு வைத்து இரண்டு வருஷம் ஆகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் வட்டி கட்டாமல் விட்டிருப்பார், அதைச் சொல்ல வெட்கம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கோபம் பாதி, பயம் பாதி.

அதனால் "நகை எப்போது வரும்?" என்று கேட்க வேண்டாம். "அடகுச் சீட்டை எடுங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள். மாமியார் எதிரில் வேண்டவே வேண்டாம். சீட்டில் பார்க்க வேண்டியவை:

1. யார் பெயரில் இருக்கிறது, அசல் எவ்வளவு.
2. கெடு தேதி. நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷக் கெடுதான். மாற்றி வைத்தாரா, அப்படியே விட்டாரா என்பது இதில் தெரிந்துவிடும்.
3. முகவரி. ஏல நோட்டீஸ் அதற்குத்தான் போகும். வீடு மாறியிருந்தால் நாளைக்கே போய் மாற்றுங்கள்.

மொத்தமாக மீட்கப் பணம் இல்லையென்றால், கொஞ்சம் கட்டி ஒன்றிரண்டு நகையை மட்டும் விடுவிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் விடுவார்கள்.

ஒன்று மட்டும்: கையை ஓங்குகிறார், மிரட்டுகிறார் என்றால் நான் சொன்ன பொறுமையெல்லாம் பொருந்தாது. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நகையைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது.